கேளுங்கள் சொல்கிறேன்: நிவாரணப் பட்டியலும் லயத்து அடுப்பும்

கேள்வி: 2025 நவம்பரில் டித்வா சூறாவளி அடித்த நேரம் எங்கள் இளைஞர் மன்றம் கடை கடையாக ஏறிச் சாமான் சேர்த்துக் கொடுத்தது. இனி இப்படி ஒன்று வந்தால் காசாகவே தருகிறோம் என்று கொழும்பில் தொழில் செய்யும் எங்கள் தோட்டத்து ஆட்கள் சொல்கிறார்கள். காசை அப்படியே சனங்களுக்குக் கொடுப்பதா, சாமான் வாங்கிக் கொடுப்பதா? மன்றத்துக்குள்ளேயே இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறோம்.
– வாசகர், தலவாக்கலை

பதில்: இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசுகிறது தம்பி, ஆனால் வேறு வேறு நாளைப் பற்றிப் பேசுகிறது. ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, டவுனுக்கு லொறி வரவில்லை, கடையில் அரிசி இல்லை என்றால் கையில் பத்தாயிரம் ரூபா இருந்தும் அடுப்பு எரியாது. அந்த நாட்களில் சாமான்தான். அதுவும் முதல் இரண்டு மூன்று நாளைக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடியது வேண்டும், ஏனென்றால் விறகு முழுக்க நனைந்திருக்கும். பிஸ்கட், பேரீச்சம்பழம், அவல், சீனி. சோற்றுப் பார்சல் கொண்டுபோவதென்றால் கட்டிய நான்கு மணி நேரத்துக்குள் ஆட்களின் கைக்குப் போகவேண்டும், போகாது என்று தெரிந்தால் கட்டவே வேண்டாம்.

கடை திறந்து லொறி வர ஆரம்பித்ததும் காசுக்கு மாறிவிடுங்கள். எப்போது மாறுவது என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். உங்கள் டவுனில் இரண்டு மூன்று கடைக்குப் போய் அரிசி, கோதுமை மா, பருப்பு மூன்றையும் கேளுங்கள். எத்தனை மூட்டை இருக்கிறது, போன கிழமை என்ன விலை, இன்றைக்கு என்ன விலை. சாமானும் இருக்கிறது, விலையும் ஏறக்குறைய பழைய விலைதான் என்றால் காசைக் கொடுத்துவிடலாம். உலக உணவுத் திட்டம் போன்ற பெரிய அமைப்புகளும் காசா சாமானா என்று தீர்மானிக்க முதலில் சந்தையைத்தான் பார்க்கிறார்கள். எந்த வீட்டுக்கு என்ன தேவை என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். ஒருத்திக்குப் பிள்ளையின் கொப்பி, ஒருத்திக்குக் கிளினிக் போக பஸ் காசு, இன்னொருத்திக்குக் கடன் கொப்பியைக் கொஞ்சம் குறைத்தால்தான் கடைக்காரர் அடுத்த கிலோ அரிசி தருவார். இதையெல்லாம் எந்தப் பெட்டியில் வைத்துக் கட்ட முடியும்?

சாமான் கட்டுகிறீர்கள் என்றால் அளவு இதுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்று வைத்துத்தான் அவசர உணவைக் கணக்குப் போடுவார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு கிழமைக்கு அரிசியும் மாவுமாக 14 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் ஒரு போத்தல், சீனி அரைக் கிலோ, உப்பு ஒரு பக்கெட் என்றால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடும். எங்கள் சனத்துக்குக் காலையில் ரொட்டி வேண்டும், அதனால் 14 கிலோவையும் அரிசியாகவே கட்டாமல் மாவையும் கலந்து கட்டுங்கள். தேயிலைத் தூளையும் மறக்கவேண்டாம், தேயிலை பறிக்கிற ஆட்களிடம் அது எப்படியும் இருக்கும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பொதி கட்டுவதில் நாங்கள் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2025 டிசம்பர் முதல் கிழமையில் சில பொடியன்மாரோடு மேட்டில் இருக்கும் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். லொறி நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். மாவைக் கடதாசிப் பெட்டியில் வைத்துக் கட்டியிருந்தோம். பாதி வழியில் தூறல் பிடித்து, ஒரு பெட்டியின் அடி ஊறிக் கழன்று, மா அப்படியே சேற்றில் கொட்டிவிட்டது. எங்களோடு வழிகாட்ட வந்த பெரியம்மா ஒருவர் குந்தி உட்கார்ந்து, சேறு படாத மேல் மாவை மட்டும் விரல் நுனியால் வழித்து வழித்து முந்தானையில் போட்டுக்கொண்டார். விடுங்கள் அம்மா, வேறு பெட்டி இருக்கிறது என்று சொன்னோம், அவர் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்வது, முதலில் பொலித்தீன் பை, அதற்கு வெளியே சாக்கு, ஒரு சுமை 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். உரம் வந்த பேக்கைக் கழுவிப் பாவிக்கலாம் என்பார்கள், அதில் சாப்பாட்டுச் சாமான் போடவே கூடாது.

இன்னொன்று. ஏறுவதற்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அடித்து அந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை போட்டிருந்தால் அங்கிருக்கும் ஆட்களே கீழே இறங்கவேண்டும் என்று அர்த்தம், நீங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு மேலே போகக்கூடாது.

கேள்வி: எங்கள் லயக் காம்பராவில் மாமனார் மாமியார், கொழுந்தனார் குடும்பம், நாங்கள் என்று மூன்று குடும்பம் இருக்கிறோம். நிவாரணத்துக்குப் பெயர் எழுத வந்தவர் ஒரு வீட்டு இலக்கத்துக்கு ஒரு பெயர் என்று மாமனார் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு பொதிதான் கிடைத்தது. பதினொரு பேர் சாப்பிட்டோம். யாரிடம் போய்ச் சொல்வது?
– வாசகி, உடப்புசல்லாவை

பதில்: தங்கச்சி, இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் இப்படி எழுதியவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. மலையகத்தில் நிவாரணம் பிழைத்துப் போகிற இடமே இந்தப் பட்டியல்தான். சாமான் போதாமல் போவதைவிட ஆள் கணக்கு பிழைத்துத்தான் அதிகம் பேர் விடுபடுகிறார்கள் என்பது நான் கண்ணால் பார்த்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவைக் கதவு ஒன்று என்பதற்காக ஒரு குடும்பம் என்று எழுதினால் கணக்கு எப்படிச் சரிவரும்? உள்ளே எத்தனை அடுப்பு என்று கேட்கவேண்டும். தனியாக உலை வைத்தால் அது தனிக் குடும்பம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் தகரம் அடித்து அடுப்பு மூட்டியிருந்தாலும் அப்படித்தான்.

இனி மழைக்காலம் தொடங்குமுன்பே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்தில் ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு பக்கம். குடும்பத் தலைவர் அல்லது தலைவியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், கர்ப்பிணித் தாய், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், நடக்க முடியாத பெரியவர்கள். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து அதைக் கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோய், ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றப் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். அங்கே சரிவரவில்லை என்றால் பிரதேச செயலகம். தமிழில் எழுதிக் கொடுங்கள், 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது அவர்களின் பிழை, உங்களுடையது இல்லை.

வீடு உங்கள் பெயரில் இல்லை, தோட்டத்து வீடு, அதனால் உதவி கிடையாது என்றும் சில இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். உடைந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிற காசுக்குக் காணி உறுதி கேட்பது வேறு விஷயம், அதிலும் எங்கள் சனத்துக்குப் பெரிய அநியாயம் இருக்கிறது, அதை இன்னொரு இதழில் எழுதுகிறேன். ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் யாரும் உறுதி கேட்கக் கூடாது. கேட்டால் துணிந்து எதிர்த்துப் பேசுங்கள்.

கேள்வி: முகாமாக இருந்த எங்கள் பாடசாலைக்குக் கைக்குழந்தைகளுக்கான பால்மா டின்கள் நிறைய வந்தன. எல்லாத் தாய்மாருக்கும் பகிர்ந்து கொடுத்தோம். அது பிழை என்று ஒரு தாதி கோபப்பட்டார். நல்லதைத்தானே செய்தோம்?
– ஆசிரியை, பதுளை

பதில்: மனம் நோகவேண்டாம் டீச்சர், தாதி சொன்னது சரி. பீலித் தண்ணீர் கலங்கி வருகிற நேரத்தில், போத்தலைக் கொதிக்க வைக்க விறகும் இல்லாத இடத்தில், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு மாப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடையில் சில நாள் பால் கொடுக்காவிட்டால் தாய்க்கும் பால் குறைந்துவிடும். ஆபத்து நேரத்தில் பால்மாவைப் பொதுவாகப் பகிரக்கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. ஏற்கனவே மாப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு, மருத்துவிச்சி பார்த்து எழுதிக் கொடுத்தால் கொடுங்கள். மற்றத் தாய்மாருக்கு ஒரு நேரச் சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்து, மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க வகுப்பறையில் ஒரு மூலையை மறைத்துக் கட்டிக் கொடுங்கள்.

கேள்வி: ஹரிக்கேன், சூறாவளி இரண்டும் ஒன்றா? ஜமைக்கா போன்ற நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– மாணவன், பண்டாரவளை

பதில்: ஒன்றுதான். அத்திலாந்திக் பக்கம் ஹரிக்கேன், நம் கடலில் சைக்ளோன், தமிழில் எல்லாமே சூறாவளி. 2025 ஒக்டோபர் 28 ஜமைக்காவை மெலிசா அடித்தது, ஆகப் பலமான ஐந்தாம் வகை, காற்று மணிக்கு 295 கிலோமீற்றர். சரியாக ஒரு மாதம் கழித்து நவம்பர் 28 இங்கே டித்வா. டித்வாவின் காற்று அதற்குப் பக்கத்திலும் வராது, மழையும் மண்சரிவும்தான் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

கரீபியன் பக்கம் நாம் படிக்கவேண்டியது இரண்டு. புயல் பருவத்துக்கு முன்பே பார்படோஸ் தீவில் உணவுப் பொதிகளைச் சேர்த்து வைத்து அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். மற்றது, 2017 செப்டம்பர் 18 மரியா சூறாவளி டொமினிக்கா தீவைச் சிதைத்த பிறகு, அரசு ஏற்கனவே வைத்திருந்த உதவித் திட்டப் பட்டியலையே எடுத்து, பாதிக்கப்பட்ட புதுக் குடும்பங்களையும் அதில் சேர்த்து, உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் அரசோடு சேர்ந்து காசு கொடுத்தார்கள். நம்மிடமும் 2023 இலிருந்து அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத் திட்டத்தின் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத தோட்டத்துக் குடும்பங்களை இப்போதே சேர்த்து வைத்தால் அடுத்த மழைக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நிவாரணக் காசு வீட்டுக்காரரின் கணக்கில் விழுந்தது. பாதி தவறணைக்குப் போய்விட்டது. இதற்குச் சாமானே மேல் இல்லையா?
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: உங்கள் கோபம் நியாயம் அக்கா. ஆனால் குடிக்கிற ஆள் பருப்பையும் விற்றுக் குடிப்பார், அதனால் காசை நிறுத்துவது வழி இல்லை, யார் கையில் கொடுப்பது என்பதைத்தான் மாற்றவேண்டும். அடுப்படியைப் பார்ப்பவரின் பெயரில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை என்றால் இந்த மாதமே ஒன்று திறந்துவிடுங்கள், புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுக்கும் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்கிறேன். கொடுக்கிற நாளில் பட்டியலை, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்க வாசியுங்கள், யார் பெயர், எவ்வளவு, எதற்கு என்று. இந்தக் காசு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வந்தது என்று லயம் முழுக்கத் தெரிந்தால், அதை எடுத்துக்கொண்டு தவறணைப் பக்கம் போகிறவரைப் பக்கத்துக் காம்பராக் கிழவியே கையைப் பிடித்து நிறுத்துவாள். அப்படி நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.