பெட்டைக் குதிரை வாலைத் தேய்க்கிறதா? மடிக்கு நடுவில் பார்த்தீர்களா?

கேள்வி: டாக்டர் சார், எனக்கு மேலூர் பக்கம். போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு மார்வாரிக் கலப்புப் பெட்டை வாங்கினேன். வெள்ளை, ஆறு வயசு என்று சொன்னார்கள். இரண்டு மாதமாக வாலைத் தென்னை மரத்தில் தேய்த்துத் தேய்த்து வால் அடியில் மயிரே இல்லாமல் போய்விட்டது. குடற்புழு மருந்து இரண்டு தடவை கொடுத்தாயிற்று. பின்பக்கம் சுத்தம் இல்லாததால்தான் இப்படி என்று ஒருவர் சொன்னதால், வாரம் இரண்டு முறை பிறப்புறுப்பைக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவி, அப்புறம் ட்யூப் வைத்துப் பீச்சியும் விடுகிறேன். இப்போது கிட்டே போனாலே காலைத் தூக்குகிறது. தாத்தா பெட்டைக்கு அந்த இடத்தில் மனுசன் கை வைக்கவே கூடாது என்கிறார். கை வைக்கலாமா, கூடாதா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: தம்பி, உங்கள் தாத்தா சொல்வது பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த ட்யூபைச் சுருட்டி வையுங்கள். இன்றைக்கே. பெட்டைக் குதிரையின் கருப்பைக்கு மூன்று கதவு இருக்கிறது. வெளியே தெரியும் இரண்டு உதடுகள், கொஞ்சம் உள்ளே ஒரு சதை மடிப்பு, அதற்கும் உள்ளே கருப்பை வாய். காற்றும் லத்தியும் மண்ணும் உள்ளே போகாமல் இந்த மூன்றும்தான் பார்த்துக்கொள்கின்றன. ஆசனவாய் நேர் மேலே இருப்பதால் உதட்டு மேல் எப்போதும் கொஞ்சம் லத்தித் துணுக்கு இருக்கத்தான் செய்யும், அது வெளியே இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது, நீங்கள் தண்ணீரை வேகமாகப் பீச்சும்போது அந்தத் துணுக்கையும் சேர்த்து நீங்களே கதவைத் திறந்து உள்ளே தள்ளுகிறீர்கள். ஆக, உதட்டுக்கு உள்ளே என்றால் தாத்தா சொன்னதுதான் சரி. அங்கே விரலும் போகக் கூடாது, தண்ணீரும் போகக் கூடாது, வேப்பிலைத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும்கூட வேண்டாம்.

கிருமிநாசினியும் அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசம் அடித்தால் சுத்தமாகிவிட்டது என்று நம் மூக்கு நம்பிக்கொள்கிறது. அந்த இடத்துத் தோல் உங்கள் உதட்டைப் போல மெல்லியது, எரியும், எரிவதால்தான் காலைத் தூக்குகிறது. அதைவிட முக்கியம், தோல் மேல் இயல்பாகக் குடியிருக்கும் சாதுவான நுண்ணுயிர்களைத் துடைத்து எடுத்துவிட்டால் அந்தக் காலி மனையில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா மாதிரி அடங்காத கிருமிகள் வந்து குடியேறும். பொலிகுதிரைகளை மருந்து சோப்புப் போட்டு அடிக்கடி கழுவியதால் இப்படி ஆனதை எங்கள் துறையில் பல காலமாகவே பார்த்து வைத்திருக்கிறோம். பெட்டைக்கு மட்டும் வேறு நியாயம் கிடையாது.

சரி, அப்படியென்றால் தொடவே வேண்டாமா? தொட வேண்டும், ஆனால் நீங்கள் கழுவும் இடத்தை அல்ல. மடியை.

குதிரை மடியைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மாட்டுக்குப் போல நான்கு காம்பு இல்லை, இரண்டுதான், சின்னதாகத் தொடைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு இருக்கும். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம். வேர்வை, தோல் கசியவிடும் எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல், செம்மண் தூசி எல்லாம் சேர்ந்து அங்கே கறுப்பாக மெழுகு மாதிரி படியும். காற்றுப் படாத இடம், நம் ஊர் வெயில், கேட்க வேண்டுமா. காய்ந்தால் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு பயங்கரமாக அரிக்கும். குதிரைக்கு அங்கே சொறிந்துகொள்ள வழி இல்லை, பின்னங்காலும் எட்டாது, வாயும் எட்டாது, அதனால் எட்டுகிற இடத்தைத் தேய்க்கிறது. அது வால்.

சில வருடம் முன்னால் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வண்டிக் குதிரையைப் பார்க்கப் போனேன். இதே கதை, வால் அடி முழுக்கப் புண், மூன்று தடவை பூச்சி மருந்து, சுண்ணாம்புச் சுவரில் தேய்த்துத் தேய்த்துச் சுவரே வழவழ என்று ஆகியிருந்தது. நானும் வாலைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்புறம் கையை அடியில் விட்டு அந்தப் பள்ளத்தில் விரலை வைத்ததும் புளியங்கொட்டைத் தோல் மாதிரி கறுப்பாக ஒரு வில்லை கையோடு வந்தது. அந்த நாற்றத்தை இங்கே எழுத வேண்டாம். ஆனால் அந்தக் குதிரை செய்ததை எழுத வேண்டும்: கழுத்தை நீட்டி, மேல் உதட்டைக் கூர்மையாக முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பின்பக்கத்தை என் மேல் சாய்த்துவிட்டது. வண்டிக்காரர் "உதைக்கப் போகுது சார்" என்று கத்துகிறார். அது உதைப்பதற்கான சாடை இல்லை, இன்னும் கொஞ்சம் சொறி என்று கேட்கிற சாடை. குதிரை வைத்திருப்பவர் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள வேண்டும். காது பின்னால் ஒட்டியிருந்து, வாலைச் சாட்டை மாதிரி அடித்து, எடையை ஒரு காலுக்கு மாற்றினால், அது கேட்பது இல்லை, எச்சரிப்பது.

செய்யும் முறையைச் சொல்கிறேன். தனியாகச் செய்யாதீர்கள், ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்கட்டும், அவரும் நீங்களும் குதிரைக்கு ஒரே பக்கம் நிற்க வேண்டும். அவசரம் என்றால் அவர் தலையைத் தன் பக்கம் இழுத்ததும் பின்பாகம் உங்களை விட்டு விலகிப் போகும்; அவர் எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் நேராக உங்கள் மேலே வரும். நீங்கள் விலாவை ஒட்டி வால் பக்கம் பார்த்தபடி உரசி நில்லுங்கள். ஒரு கை எப்போதும் உடம்பின் மேலேயே இருக்கட்டும். ஒட்டி நிற்பவருக்கு இடிதான் கிடைக்கும், ஓர் எட்டுத் தள்ளி நிற்பவருக்குத்தான் முழு உதை. ஒருமுறை நான் போனை எடுக்க ஓர் எட்டுப் பின்னால் வைத்துத் தொடையில் வாங்கினேன், மூன்று வாரம் நொண்டினேன், தப்பு என்னுடையதுதான். வயிற்றில் தடவ ஆரம்பித்து, மெதுவாகத் தொடை, அப்புறம் மடி என்று போங்கள். உங்கள் குதிரை ஏற்கெனவே எரிச்சல் பட்டுப் பயந்திருக்கிறது, முதல் நான்கைந்து நாள் வெறும் கையால் தொட்டுவிட்டு வந்தால் போதும்.

பழகியதும் ஒருநாள் சாயங்காலம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் தேங்காய் எண்ணெயை அந்தப் பள்ளத்தில் தடவி விட்டுவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் அப்படியே வந்துவிடும், வராததை நகத்தால் பிய்க்காதீர்கள், மறுபடி எண்ணெய் வைத்து அடுத்த நாள் பாருங்கள். சோப்பு தேவையில்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் குழந்தை சோப்பு ஒரு துளி, அதையும் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும், ஏனென்றால் மடிப்பில் தங்கும் சோப்பு அழுக்கை விட மோசமாக அரிக்கும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இதற்கு மட்டும் குடிதண்ணீர் ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் ஈ மொய்க்கும். வாரம் ஒருநாள் பிரஷ் போடும்போது கையை விட்டுப் பாருங்கள், படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

வாலுக்கு அடியில் இதைவிடச் சுலபம். இடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாலை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்து, நனைந்த பஞ்சால் முதலில் உதட்டின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்த பஞ்சு, கடைசியாகத்தான் ஆசனவாயைச் சுற்றி. ஆசனவாயைத் துடைத்த பஞ்சு எந்தக் காரணத்துக்கும் கீழே வரக் கூடாது. லத்தி ஒட்டியிருந்தால் செய்யுங்கள், தினமும் செய்கிற வேலை இல்லை இது. ஸ்பாஞ்சு வாங்கி வைத்துக்கொண்டு எல்லாக் குதிரைக்கும் அதையே பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றின் கிருமியை மற்றதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

மடி சுத்தமாக இருந்தும் தேய்த்தால்? ஆசனவாயைச் சுற்றி மஞ்சளும் சாம்பலும் கலந்த பசை காய்ந்த மாதிரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், அது ஊசிப்புழுவின் முட்டை. பெண் புழு வெளியே வந்து அங்கேதான் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், அதனால் லத்திப் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது, செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மருந்தோடு தினமும் துடைத்து அந்தப் பஞ்சை எரித்தால்தான் தீரும். நீங்கள் இரண்டு தடவை மருந்து கொடுத்தும் கேட்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பிடரியையும் சேர்த்துத் தேய்த்தால் அது வேறு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் கடிப்பூச்சிக்கு வரும் ஒவ்வாமை. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் உங்கள் மேலூர் வயல் ஓரத்து ஈரச்சேறு அதற்கு நல்ல தொட்டில். விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கடிக்கும், அந்த நேரம் குதிரையை லாயத்துக்குள் கட்டி ஒரு ஃபேன் போடுங்கள்.

வெள்ளைக் குதிரை என்பதால் ஒன்று. வாலுக்கு அடியிலோ பிறப்புறுப்பு உதட்டு ஓரத்திலோ கறுப்பாகக் கட்டி கட்டியாக, கழுவினால் போகாததாக இருந்தால் அது அழுக்கு இல்லை. வயசாகும் வெள்ளைக் குதிரைகளுக்கு அங்கே மெலனோமா என்ற கட்டி வருவது சகஜம். கிள்ளாதீர்கள், காட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று. ஆடியில் வாங்கினீர்கள், இப்போது பங்குனி. எட்டு மாதம். குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். சந்தையில் வாங்கின பெட்டை சினையா இல்லையா என்று யாராவது பார்த்தார்களா? விற்றவர் "சினை இல்லை" என்று சொன்னது கணக்கில் வராது. ஸ்கேன் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள், ஏனென்றால் சினையாக இருந்தால் நீங்கள் பீச்சிய தண்ணீர் விளையாட்டுக் காரியம் இல்லை. சினை உறுதியானால், குட்டி போடுவதற்கு இரண்டிலிருந்து ஆறு வாரம் முன்னால் மடி இறங்கும், கடைசி ஒன்றிரண்டு நாளில் காம்பு நுனியில் தேன் நிறத்தில் மெழுகுச் சொட்டு மாதிரி உறையும். அது சீம்பால். பள்ளத்துக் கறுப்பு அழுக்கு வேறு, நுனியில் இருக்கும் இந்த மெழுகு வேறு. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று துடைத்தெடுத்தால் குட்டிக்குச் சேர வேண்டிய சீம்பால் ஒழுகிப் போகலாம்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. குதிரை மூத்திரம் கலங்கலாக, மஞ்சளாக, கொழகொழவென்று வரும், சுண்ணாம்புச் சத்து அதிகம், அது நோய் இல்லை. சினை இல்லாத பெட்டை பருவத்துக்கு வரும்போது, சுமார் 21 நாளுக்கு ஒருதடவை ஐந்தாறு நாள், பிறப்புறுப்பு உதட்டைத் திறந்து திறந்து மூடும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், தெளிவான கொழகொழத் திரவம் வழியும். இதைப் பார்த்துவிட்டு அழுக்கு என்று கழுவ ஆரம்பித்தவர்கள் நிறைய.

ஆனால் வெள்ளையாகச் சீழ் வழிந்தால், நாற்றம் அடித்தால், மடி ஒரு பக்கம் மட்டும் சூடாக வீங்கிப் பின்னங்காலை விறைப்பாக வைத்து நடந்தால், அது மடிநோயோ கருப்பை நோயோ, கை வைத்தியம் வேண்டாம். வால் அடிப் புண்ணில் புழு வைத்துவிட்டால் கற்பூரத் தைலம், டர்பென்டைன் எதையும் பிறப்புறுப்புப் பக்கம் ஊற்றாதீர்கள், புழுவோடு தோலும் வெந்துவிடும். 1962க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். புண் இருக்கிற குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், குதிரைக்கு அந்த நோய் மற்ற கால்நடைகளை விட எளிதில் பிடிக்கும்.

வால் மயிர் திரும்ப வருமா என்று கடைசியில் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். அரிப்பு நின்றால் ஒரு மாதத்தில் குச்சி குச்சியாக முளைக்கும், அந்த முளை மயிரும் கொஞ்சம் உறுத்தும், அதனால் நின்ற தேய்ப்பு மறுபடி ஆரம்பித்த மாதிரி தெரிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் தேங்காய் எண்ணெய் மட்டும் தொட்டு வையுங்கள். பழைய நீளத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை யாராவது கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டால் வாலில் துணி சுற்றிக் கட்டி அனுப்புங்கள், இறுக்கமாக மட்டும் வேண்டாம்.