அம்மாகிட்ட கூட சொல்லக்கூடாதா? - டாக்டர் அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, நாங்க சாட்ஸ்வர்த்ல இருக்கோம். எம் பொண்ணு டர்பன்ல மெடிசின் நாலாவது வருஷம். ஆடி கூழ் பூஜைக்கு கோயிலுக்கு போனா, என் நாத்தனார் பையன் ஒரு வாரமா ஆஸ்பத்திரில இருந்தானாம், அதுவும் எம் பொண்ணு போற அதே வார்டுல! "உன் பொண்ணுக்கு தெரியும், நீ எட்டிப் பாக்கலயே"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டா. இவள கேட்டா "சொல்லக்கூடாதும்மா"ங்கிறா. பெத்தவ நான் அன்னியமா?

பதில்: கோவம் புரியுது தங்கச்சி, ஆனா நான் உங்க பொண்ணு பக்கம்தான். இன்னும் படிக்கிற புள்ளதானேன்னு நினைப்பீங்க, இங்க தென்னாப்பிரிக்காவுல மெடிசின் படிக்கிற புள்ளைங்களும், டாக்டருங்க பேரு பதியிற ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில்ல ஸ்டூடண்ட்னு பேரு பதிஞ்சாகணும், ரூல் அவங்களையும் பிடிக்கும். 2003 நேஷனல் ஹெல்த் ஆக்ட் என்ன சொல்லுதுன்னா, வியாதி, வைத்தியம் மட்டுமில்ல, ஆஸ்பத்திரில படுத்திருக்கான்ங்கிறதே ரகசியம். நம்ம ஊர்ல கிளினிக் வாசல்ல கார் நின்னாலே ராத்திரிக்குள்ள மூணு தெருவுக்கு சேதி போயிடும், அதுக்குத்தான் இது.

நானே படிக்கிறப்ப ஒருநாள் லிஃப்ட்ல ஃப்ரெண்டுகிட்ட ஒரு பேஷண்ட் பத்தி பேசிட்டு வந்தேன், பேரு கூட சொல்லல, பெட் நம்பர் மட்டும்தான். பின்னாடி டிஃபன் டப்பாவோட நின்ன அம்மா "அது எங்க அக்காங்க"ன்னாங்க. அந்த டப்பா மூடி லேசா ஆடிட்டே இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

உங்க பொண்ணு செய்யக்கூடியது ஒண்ணுதான், அந்தப் பையன்கிட்டயே "எங்கம்மாகிட்ட சொல்லட்டுமா"ன்னு கேக்கலாம். கேட்டு அவன் வேணாம்னு சொல்லியும் இருக்கலாம், அதையும் இவகிட்ட போய் நோண்டாதீங்க. நாத்தனார்கிட்ட "என் பொண்ணு வாய் திறக்கமாட்டா"ன்னு தலை நிமிந்தே சொல்லுங்க, நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணுன்னா இந்தப் பொண்ணத்தான் தேடுவாங்க.

கேள்வி: மூணாவது வருஷம் படிக்கிறேன், ஃபீனிக்ஸ். ஃப்ரெண்டுக்கு டாக்ஸி லேட், வார்டுக்கு நேரத்துக்கு வரல, வார்டு வேலைய பதிஞ்சு டாக்டர் கையெழுத்து வாங்குற லாக்புக்ல அந்தக் கையெழுத்த நீயே போட்டுடுன்னு கெஞ்சுறான். எல்லாரும்தான் போடுறாங்க. மாட்டேன்னா ஃப்ரெண்ட்ஷிப் போயிடும்.

பதில்: போடாதீங்க தம்பி. லாக்புக்ல இருக்கறத நம்பித்தான் நாளைக்கு ராத்திரி ஒருத்தர் உங்க ஃப்ரெண்ட தனியா ஒரு பேஷண்ட்கிட்ட விட்டுட்டு போவாரு.

1966ல டர்பன் மெடிக்கல் ஸ்கூல்ல சேந்த, நிறவெறி ஆட்சிய எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பீக்கோவ தெரியும்ல? 1977 செப்டம்பர்ல போலீஸ் காவல்ல தலைல அடிபட்டு கிடந்தப்ப டாக்டர் ஐவர் லாங் ஒண்ணும் இல்லன்னு சர்டிஃபிகேட் எழுதிட்டாரு, அவருக்கு மேல இருந்த டாக்டர் பெஞ்சமின் டக்கர் பிரிட்டோரியாவுக்கு கொண்டு போக சம்மதிச்சாரு, லேண்ட் ரோவர்ல துணியில்லாம போட்டு 1,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு போனாங்க, 12ஆம் தேதி உயிர் போச்சு. அப்போ இருந்த மெடிக்கல் கவுன்சில் விசாரிக்கவே மாட்டேன்னுச்சு, வேற டாக்டருங்க கோர்ட்டுக்கு போய்த்தான் 1985ல டாக்டருங்க பட்டியல்ல இருந்து டக்கர் பேர எடுத்தாங்க. லாக்புக்கும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல. லாங் பக்கத்துல போலீஸ் நின்னாங்க, உங்க பக்கத்துல நிக்கிறது ஃப்ரெண்டோட மூஞ்சி மட்டும்தான், மாட்டேன்னு சொல்லிப் பழக இதவிட லேசான எடம் கிடைக்காது.

லேட்டானத அவனே டாக்டர்கிட்ட போய் சொல்லட்டும், திட்டு விழும், இன்னொரு நாள் போட்டுக் குடுப்பாங்க. நீங்க ஏற்கனவே ஒண்ணு ரெண்டு போட்டிருந்தா (லெட்டர்ல அந்த வாசனை அடிக்குது) அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய் சொல்லிடுங்க.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆன ஆயா ஒருத்தங்க மாங்கா ஊறுகா பாட்டில் குடுத்தாங்க. வாங்கலாமா?

பதில்: ஊறுகாதானே, வாங்கி வார்டு நர்ஸுங்களோட பங்கு போட்டுக்கோங்க. காசு வெச்ச கவர்னா கைய பின்னாடி கட்டிக்கோங்க. காரம் எப்படின்னு எழுதுங்க.