டோனி பிரபுவின் சிரிப்பு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட எம்மா ஓர்க்ஸியின் ‘ஸ்கார்லெட் பிம்பர்னல்’ நாவலை அண்மையில் படித்தேன். நாயகர் பெர்சி பிளேக்னி மனத்தில் நின்றுவிட்டார். ஆனால் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தினரைக் கொலைத்தண்டனையிலிருந்து மீட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் அவருடைய ரகசியக் குழுவைச் சேர்ந்த டோனி பிரபு எதற்காக வருகிறார் என்றே விளங்கவில்லை. உண்கிறார், சிரிக்கிறார், தலைவர் சொன்னதைச் செய்கிறார். அவரை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும் அல்லவா? இத்தகைய குழு உண்மையில் இருந்ததா என்றும் அறிய விரும்புகிறேன்.

ர., திருநெல்வேலி

அன்புள்ள ர.,

டோனி பிரபுவை எடுத்துவிட்டால் கதை நகரவே நகராது. டோவர் துறைமுகத்தின் விடுதியில், எல்லோரும் உறங்கப் போனபின், அவரும் அவருடைய நண்பர் சர் ஆண்ட்ரூவும் கணப்பருகே அமர்ந்து தலைவரின் ஆணைகளைப் படிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்த அறையிலேயே ஒருவன் ஒளிந்திருப்பதை இருவரும் அறியவில்லை. அவர்களை வீழ்த்திப் பறித்த தாள்களுக்கிடையே கிடைத்த ஒரு கடிதத்தை வைத்துத்தான் பிரெஞ்சு அரசின் ஒற்றர் ஷோவ்லான், பிளேக்னியின் மனைவி மார்கரித்தை, அதை எழுதிய அவளுடைய அண்ணனின் உயிரைக் காட்டி மிரட்டி வேவு பார்க்க வைக்கிறார். பின்னால் நடக்கும் அத்தனைக்கும் விதை, இந்த இரண்டாம் நிலை மனிதர்கள் ஓர் இரவு அசந்துபோனதுதான்.

ஆனால் அவர் எனக்கு முக்கியமாவது வேறொரு காரணத்தால். அதே இரவின் தொடக்கத்தில், தப்பிவந்த பிரெஞ்சுச் சீமாட்டி ஒருவர், எதற்காக எங்களுக்காக உயிரைப் பணயம் வைக்கிறீர்கள் என்று கேட்கிறார். எல்லாம் ஒரு விளையாட்டு, வேட்டை நாயின் வாயிலிருந்து முயலைப் பிடுங்குவதுதான் இப்போது எங்கள் ஊர் நாகரிகம் என்று டோனி உரக்கச் சிரிக்கிறார். அந்தச் சீமாட்டி அதை நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டியதில்லை. குழுவில் இருபது பேர்: ஆணையிட ஒருவர், கீழ்ப்படியப் பத்தொன்பது பேர். தலைவர் யார் என்பதை வெளியிடுவதில்லை என அவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் பிளேக்னி அசட்டுக் கனவானாக அதே விடுதிக்குள் நுழைகிறார். முதல்முறை படிக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது, டோனிக்குத் தெரியும். அவர் கண்ணில் சிறு மரியாதை தென்பட்டாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும். தெரிந்துகொண்டு தெரியாதவராக உட்கார்ந்திருக்கும் அந்த உழைப்பை நாவலாசிரியர் எங்கும் விவரிப்பதில்லை. இரண்டாம் வாசிப்பில் அந்த விருந்து மேசையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது டோனியை மட்டுமே.

ஓர்க்ஸி 1917இல் அவருக்கென்றே தனி நாவல் ஒன்று எழுதினார். டோனியின் இளம் மனைவி இவோன் வஞ்சகமாகப் பிரான்ஸின் நாந்த் நகருக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அந்த நகரத்தின் கொடுமை கற்பனையன்று. 1793 நவம்பர் 16ஆம் தேதி இரவு, ஏறத்தாழ 90 பாதிரியார்களைப் படகில் அடைத்து லுவார் ஆற்றில் மூழ்கடித்தார்கள். அடுத்த சில மாதங்களில் அவ்வாறு மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதற்குப் பொறுப்பானவர் அங்கே புரட்சி அரசின் பிரதிநிதியாக இருந்த கரியே; அவரை 1794 டிசம்பரில் அந்த அரசே தலையை வெட்டும் கில்லட்டினுக்கு அனுப்பியது.

இங்கே எனக்கு நாவலாசிரியரோடு மனத்தாங்கல் உண்டு. இவோனைக் கடத்துபவன் ஒரு மாவு ஆலைக்காரரின் மகன். மகன் செய்த கலகத்துக்காக, ஒரு குற்றமும் செய்யாத அந்தத் தந்தையைத் தூக்கிலிட்டவர் இவோனின் தந்தையான பிரபு. இதை முன்கதையிலேயே காட்டிவிட்டு, பிறகு மகனை வெறும் வில்லனாக ஆக்கிவிடுகிறார் ஓர்க்ஸி. டோனியோ அந்தத் தூக்குக் கயிற்றைப் பற்றி ஒரு கணமும் யோசிப்பதில்லை. ஓர்க்ஸி ஹங்கேரியின் பிரபுக் குடும்பத்தில் 1865இல் பிறந்தவர். குடியானவர் கிளர்ச்சிக்கு அஞ்சி 1868இல் அவருடைய பெற்றோர் பண்ணையை விட்டு நகரத்துக்குப் போனார்கள். அந்த அச்சம் வீட்டுப் பேச்சாக அவரோடு வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உண்மையில் இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேக்னியின் குழு போன்ற ஆங்கிலேயக் குழு கற்பனையே. ஆனால் பாட்ஸ் பிரபு என்ற பிரெஞ்சுக்காரர் இருந்தார். 1793 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயி கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது, வழியில் வண்டியை மறித்து மன்னரை மீட்க முயன்றவர் அவர். முயற்சி பலிக்கவில்லை; அவர் தப்பினார். (ஓர்க்ஸி பின்னாளில் அவரையும் ஒரு நாவலில் சூழ்ச்சிக்காரராகச் சேர்த்திருக்கிறார்.) அவரைப் பிடிக்க முடியாத அரசு, அவருடைய கூட்டாளிகள் என்று குற்றம் சாட்டி 1794 ஜூன் 17 அன்று 54 பேரைக் கொலைத்தண்டனைக்கு அனுப்பியது. கொலைகாரர்களுக்குரிய சிவப்புச் சட்டையை அவர்கள் அனைவருக்கும் அணிவித்து, வண்டிகளில் ஏற்றிப் பாரிஸ் தெருக்களின் வழியே நெடுந்தூரம் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் பாட்ஸைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அந்த 54 பேரில் அவருடைய காதலியான நடிகை மரி கிராண்மெசோன் இருந்தாள். அவள் வீட்டில் வேலை செய்த நிக்கோல் என்ற இளம்பெண்ணும் இருந்தாள். பாட்ஸ் 1822 வரை வாழ்ந்தார்.