கையெழுத்து இருந்தும் மனு தோற்பது ஏன்?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் சேர்க்க, வாக்கெடுப்பு கோரி மனு இயக்கம் தொடங்குகிறது. தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். அர்கன்சாவில் தேவைக்கு மேல் கையெழுத்து வாங்கியும் தள்ளுபடி ஆயிற்றே, எங்கே கோட்டை விட்டார்கள்?

பதில்: ஓர் உறுதிமொழித் தாளில். 2024-இல் அங்கே தேவைப்பட்டது 90,704 கையெழுத்து; கொடுத்தது 1,01,000-க்கு மேல். அதில் 14,000-க்கும் அதிகமானவை சம்பளத்துக்கு அமர்த்தியவர்கள் வாங்கியவை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் விதிகளை விளக்கினோம் என்ற உறுதிமொழியை மனுவோடு தர வேண்டும். அது முறைப்படி வரவில்லை என்று தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் மனுவைத் திருப்பினார். மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என அந்த முடிவை ஏற்றது. சம்பளக்காரர்கள் வாங்கியவை கழிந்ததும், தன்னார்வலர்கள் வாங்கியவை மட்டும் 90,704-ஐ எட்டவில்லை. அவர்களே கூடுதலாகச் சில ஆயிரம் வாங்கியிருந்தால் அந்தத் தாளுக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

ஆகவே முதலில் இலக்கைச் சரியாகப் போடுங்கள். 2023-இல் ஒஹாயோவுக்குத் தேவை 4,13,487. இயக்கத்தினர் 7 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள், செல்லுபடியானவை 4,95,938. பத்தில் மூன்று போயிற்று, இது வழக்கமான சேதாரம்தான். தேவையை 0.7-ஆல் வகுத்தால் வருவது குறைந்தபட்சம். அதற்கு மேலும் கொஞ்சம் வையுங்கள். மொத்தம் மட்டும் போதாது: ஒஹாயோவின் 88 கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) 44-இலாவது தனித்தனி அளவை எட்ட வேண்டும். பெருநகரத்திலேயே சுற்றினால் கணக்கு நிறையும், மனு தோற்கும்.

சேதாரத்தில் ஒரு பகுதி முகவரியால் வருவது. வீடு மாறியவர் புது முகவரியை எழுதுவார், வாக்காளர் பட்டியலில் பழையது இருக்கும். பேனாவை நீட்டுமுன் "எந்த முகவரியில் பதிவு?" என்று கேளுங்கள். ஒஹாயோ போன்ற இடங்களில் ஒரு தாள்கட்டில் ஒரே கவுன்டியினர்தான் கையெழுத்திட வேண்டும். கட்டைப் பிரிக்கக் கூடாது. நீங்கள் நேரில் பார்த்த கையெழுத்துகளின் எண்ணிக்கையைக் கடைசியில் எழுதுவீர்கள். அதைக் குறைத்து எழுதிவிட்டால் அந்தக் கட்டு முழுதும் செல்லாது. கட்டை மடியில் வைத்து இரண்டு முறை எண்ணுங்கள்.

குடியுரிமை பெறாத நண்பர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் உட்பட, ஆர்வத்தில்கூடக் கையெழுத்திடக் கூடாது. தன்னை வாக்காளர் என்று சொன்னதாகிவிடும். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே அது பாதிக்கலாம்.

தாளின் அச்சையும் விட்டுவைக்க மாட்டார்கள். 2022-இல் மிச்சிகனில் 7,50,000-க்கும் மேல் கையெழுத்து இருந்தும், சொற்களுக்கிடையே இடைவெளி சரியில்லை என்ற ஆட்சேபத்தில் மனுவைச் சரிபார்க்கும் மாநில வாரியம் 2-2 என முட்டி நின்றது. மாநில உச்ச நீதிமன்றம்தான் வாக்கெடுப்புக்கு வழிவிட்டது. அச்சுக்குப் போகுமுன் வழக்கறிஞர் பார்த்தாரா என்று உங்கள் குழுவிடம் கேளுங்கள்.

வெல்வதற்கு எத்தனை சதவீதம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஃபுளோரிடாவில் 2024-இல் 57% கிடைத்தும் தோல்வி, அங்கே 60% வேண்டும். ஒஹாயோவிலும் அந்த 60% விதியைக் கொண்டுவர 2023 ஆகஸ்டில் தனி வாக்கெடுப்பே நடத்திப் பார்த்தார்கள், மக்கள் நிராகரித்தார்கள். நவம்பரில் உரிமைத் திருத்தம் சுமார் 57%-இல் வென்றது. பழைய விதி மாறியிருந்தால் அதுவும் தோற்றிருக்கும்.

வென்றாலும் தன்னார்வலர் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். மிசோரியில் 2024-இல் வென்ற திருத்தத்தை நீக்க, அடுத்த ஆண்டே சட்டமன்றம் 2026 வாக்குச்சீட்டுக்கு இன்னொன்றை அனுப்பிவிட்டது.