ஜேம்ஸ் கார்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து சோல் (தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த கறுப்பின இசை) பாடகர் ஜேம்ஸ் காரைப் பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கே: ஐயா, இவர் யார்? எப்படிப் பாட வந்தார்?

1942-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பாப்டிஸ்ட் போதகர். சிறு வயதிலேயே குடும்பம் மெம்ஃபிஸுக்கு வந்துவிட்டது. பாட்டு முழுக்கத் தேவாலயத்தில் கற்றது. அங்கே அவர் பாடிய குழுக்களில் ஒன்றை ரூஸ்வெல்ட் ஜேமிசன் என்பவர் நிர்வகித்து வந்தார். ஜேமிசனுக்கு ரத்த வங்கியில் வேலை, ராத்திரியில் பாட்டு எழுதுவார். 1964-ல் ஒரு நள்ளிரவில் ஜேமிசன், ஜேம்ஸ் காரையும் ஓ. வி. ரைட் என்ற இன்னொரு பாடகரையும் ஒரு டேப் ரெக்கார்டரையும் கூட்டிக்கொண்டு போய் குவின்டன் கிளான்ச் வீட்டுக் கதவைத் தட்டினார். கிளான்ச் பகலில் ஹார்ட்வேர் சாமான் விற்பவர். டாக் ரசல் என்ற மருந்துக்கடைக்காரருடன் சேர்ந்து அப்போதுதான் கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். வீட்டுக் கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்து டேப்பைக் கேட்டார்கள். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார் கிளான்ச்.

கே: 'தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்' பாட்டு ஓட்டிஸ் ரெட்டிங் பாடியதுதானே? ரைட் அதைக் காப்பியடித்தாரா?

தலைகீழ். எழுதியவர் அதே ஜேமிசன். முதலில் பாடியவர் ரைட், 1964-ல், கோல்ட்வாக்ஸில். ஓட்டிஸின் தட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. ஓட்டிஸுக்குப் பெரிய நிறுவனமும் நாடு முழுக்கப் பெயரும் இருந்தன, அதனால் பாட்டு அவருடையதாகிவிட்டது. போதாததற்கு, ஹூஸ்டனில் இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்த டான் ரோபி 'ரைட் ஏற்கெனவே என் ஒப்பந்தத்தில் இருக்கிறார்' என்று வந்து நின்றார். ரைட் முன்பு தேவாலயக் குழுவோடு ரோபியின் நிறுவனத்துக்குப் பாடியிருந்தார். கோல்ட்வாக்ஸ் அவரை விட வேண்டியதாயிற்று.

கே: 'டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' அரை மணி நேரத்தில் எழுதப்பட்டது என்கிறார்களே?

எழுதியவர்களே சொன்னதுதான். டான் பென்னும் சிப்ஸ் மோமனும் 1966-ல் நாஷ்வில்லில் வானொலி அறிவிப்பாளர்கள் மாநாட்டுக்குப் போயிருந்தபோது, சீட்டாட்டத்துக்கு இடையில் எழுந்துபோய், கிளான்சின் ஓட்டல் அறையை இரவல் கேட்டு எழுதினார்கள். அறை கொடுக்கிறேன், ஆனால் பாட்டு ஜேம்ஸ் காருக்குத்தான் என்றார் கிளான்ச். வார்த்தை தவறவில்லை. மெம்ஃபிஸில் ராயல் ஸ்டூடியோவில் பதிவானது. தட்டின் எண் கோல்ட்வாக்ஸ் 317. 1967-ல் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் 10-வது இடம், பாப் பட்டியலில் 77.

கே: 'டார்க் எண்ட்' பாட்டுக்கு பெர்சி ஸ்லெட்ஜ் பாடியதுதானே மூலம்?

இல்லை.

கே: அண்ணா, ஜேம்ஸ் காருக்கு மனநோய் இருந்ததாமே. அந்த வலிதானே குரலில் கேட்கிறது?

இதே கேள்வியை ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அவருக்கு பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குரலை நோயின் கணக்கில் எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

'யூவ் காட் மை மைண்ட் மெஸ்டு அப்' என்ற தலைப்பைக் காட்டி 'பாருங்கள், தன் கதையைத்தான் பாடுகிறார்' என்கிறார்கள். அது காதலில் புத்தி தடுமாறியவனின் பாட்டு. எழுதியவர் ஓ. பி. மெக்ளின்டன், பின்னாளில் கன்ட்ரி பாடகராகப் பெயர் வாங்கியவர். 1966-ல் ஆர் அண்ட் பி பட்டியலில் 7-வது இடம் வரை போனது.

'டார்க் எண்ட்' பாட்டை ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். இரண்டரை நிமிடம்தான். தொடக்கத்தில் கிட்டார் நடுங்கும், குரல் நடுங்காது. ஒளிந்து சந்திக்கும் இருவரின் கதையை அக்கம்பக்கம் கேட்டுவிடாத அளவுக்குத் தணிந்து சொல்லிக்கொண்டே போகிறார். 'ஒருநாள் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்ற இடத்தில் மட்டும் குரல் மேலே ஏறுகிறது, அடுத்த வரியிலேயே கீழே இறங்கிவிடுகிறது. எங்கே அடக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர் பாடிய பாட்டு. வருஷக்கணக்காகத் தேவாலயத்தில் பாடிப் பழகியதால் வந்த தேர்ச்சி.

நோய் என்ன செய்தது என்று 1969-ஐப் பார்த்தால் தெரியும். அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸ் ஊருக்குப் பதிவுக்குப் போனவர் மணிக்கணக்கில் ஒன்றும் பாடாமல் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு கோல்ட்வாக்ஸும் மூடியது. 1979-ல் ஜப்பான் பயணத்தில், மாத்திரை அளவுக்கு மீறிப்போய், மேடையில் அசையாமல் நின்றுவிட்டார். அதில் பாட்டே இல்லை.

கே: 70-களில் ஒன்றுமே பாடவில்லையா?

1971-ல் அட்லான்டிக் நிறுவனத்தில் ஒரு சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டு), 1977-ல் ரிவர் சிட்டி என்ற சின்ன நிறுவனத்தில் ஒன்று. தேடி அலைபவர்கள் அலைவது இவற்றுக்காகத்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

கே: கோல்ட்வாக்ஸ் 45 (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிங்கிள் தட்டு) ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பாட்டு முடியும் இடத்துக்கும் தட்டின் மையத்தில் உள்ள லேபிள் காகிதத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பொறித்திருக்கும் எண்ணை, உறுதியான அசல் தட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். லேபிளை அச்சடிப்பது சுலபம், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். முதன்முதலில் நான் வாங்கியதே மறுபதிப்பு. அசல் விலை கொடுத்திருந்தேன், இன்னும் ஆறவில்லை.

கே: எல்பி (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) ஒன்று வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

மேலே சொன்னதேதான். வளையத்தைப் பாருங்கள்.

கே: நோய் இல்லாவிட்டாலும் அப்படிப் பாடியிருப்பாரா? உங்கள் பதில் திருப்தியாக இல்லை.

தம்பி, நோய் இல்லாதிருந்தால் 70-களிலும் பாடியிருப்பார். எட்டுப் பத்து எல்பி இருந்திருக்கும். 60-களில் கோல்ட்வாக்ஸில் வந்தது இரண்டுதான். அதற்கு மேல் இதில் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.

கே: 90-களில் திரும்ப வந்தாரா?

வந்தார். 1991-ல் புத்துயிர் பெற்ற கோல்ட்வாக்ஸிலேயே 'டேக் மீ டு தி லிமிட்' என்ற பாட்டுத் தொகுப்பு வந்தது. குரல் முன்பு மாதிரி இல்லை, ஆனாலும் அவர் குரல்தான். 2001 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், வயது 58. அந்த 1991 தொகுப்பை முதலில் கேட்காதீர்கள்.

கே: அப்போ எதில் தொடங்குவது?

இதையும் நாலு பேர் கேட்டாயிற்று. 1967-ல் வந்த முதல் எல்பி. 'போரிங் வாட்டர் ஆன் எ டிரவுனிங் மேன்' அதில் இருக்கிறது. அதை முடித்துவிட்டு 1968-ல் வந்த 'எ மேன் நீட்ஸ் எ வுமன்'. அப்புறம் வாருங்கள், ஓ. வி. ரைட்டைப் பற்றிப் பேசலாம்.