ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே இருக்கிறது?

கேள்வி: என் மகன் கோவையில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். டிசம்பரில் 16 வயது ஆகும். கணவருக்கு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வேலை. ஆகஸ்டில் நானும் மகனும் எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்து குடும்பத்துக்குத் தருவது) போகிறோம். அங்கே அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா? ஒரு வருடம்தான் இலவசம் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கோவை)

பதில்: அந்த ஒரு வருடக் கணக்கு எஃப்-1 மாணவர் விசாவுக்கு உரியது. எஃப்-1 பிள்ளை அரசு உயர்நிலைப் பள்ளியில் 12 மாதத்துக்கு மேல் படிக்க முடியாது, அதற்கும் முழுச் செலவைக் கட்டியாக வேண்டும். எச்-4 பிள்ளைக்கு இந்த வரம்பு கிடையாது. நியூ ஜெர்சியில் 5 முதல் 20 வயது வரை, ஊரில் குடியிருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி இலவசம். ஓசிப் படிப்பு என்று கூச வேண்டாம். பள்ளிகள் பெருமளவு சொத்து வரியில் நடக்கின்றன, நீங்கள் கொடுக்கும் வாடகைக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது.

பள்ளி முதலில் கேட்பது விலாசச் சான்று: லீஸ், மின்கட்டண பில் போன்றவை. எடிசனில் எடிசன் ஹை ஸ்கூல், ஜே.பி. ஸ்டீவன்ஸ் என்று இரண்டு பொது உயர்நிலைப் பள்ளிகள். எது கிடைக்கும் என்பது நீங்கள் குடியேறும் தெருவைப் பொறுத்தது, மகனின் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனவே லீஸில் கையெழுத்துப் போடுமுன் அந்த விலாசம் எந்தப் பள்ளிக்குச் சேரும் என்று பார்த்துவிடுங்கள்.

இனி பதினொன்றா, பத்தா என்ற கேள்வி. நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பை யாரும் மதிப்பதில்லை, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுதான் பெரிது. அங்கே உயர்நிலைப் பள்ளி என்றாலே 9 முதல் 12 வரை நான்கு வருடம். நான்கு வருட மதிப்பெண்ணும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற ஒரே மதிப்பெண் தொகுப்பில் ஏறி, கல்லூரி விண்ணப்பத்தோடு போகும். பள்ளி முடித்ததற்கான பட்டம் (டிப்ளமோ) பெற நியூ ஜெர்சியில் குறைந்தது 120 கிரெடிட் (முடித்த பாடத்துக்குத் தரும் புள்ளி) வேண்டும்: ஆங்கிலம் 20, கணிதம் 15, அறிவியல் 15, சமூக அறிவியல் 15, மற்றவை கலை, வேற்றுமொழி, உடற்கல்வி, நிதி அறிவு என்று பிரியும். மகன் இங்கே படித்த இரண்டு வருடத்துக்கு எத்தனை கிரெடிட் தருவது என்று பள்ளியின் கவுன்சிலர் (மாணவர் ஆலோசகர்) காகிதங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட் இல்லையென்றால் ஒரு வருடமே கணக்கில் வராமல் போகலாம். பள்ளி முத்திரை, முதல்வர் கையெழுத்துடன் உறையிட்டு, இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிபிஎஸ்இ பாடத்திட்டத்தையும் அச்சிட்டு எடுத்துப் போங்கள். அங்கே கணிதம் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2 என்று தனித்தனி வருடமாகப் போகிறது. நம் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு, முக்கோணம், வட்டம், திரிகோணமிதி எல்லாம் ஒரே புத்தகத்தில். ‘மேத்தமேட்டிக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த வகுப்பில் போடுவது என்று கவுன்சிலருக்குத் தெரியாது. அவர் தயங்கினால், எந்த வகுப்புக்குப் பொருத்தம் என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வு கேளுங்கள். அறிவியலும் அப்படியே. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் அங்கே வருடத்துக்கு ஒன்று, ஆய்வகத்துடன். பழைய ரெக்கார்ட் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஆய்வகத்தில் செய்ததற்கு அவைதான் சாட்சி. இன்னொரு சிக்கல்: அங்கே பொதுவாக 70-களில் மதிப்பெண் என்றால் ‘சி’. சிபிஎஸ்இ கிரேடோ தேர்ச்சி பெற்றவர்களின் வரிசைப்படி, முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1 என்று தரப்படுகிறது. இதை விளக்கி இங்குள்ள பள்ளியிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் மகனுக்குப் பத்தாம் வகுப்பே நல்லது. டிசம்பரில் 16 ஆகும் பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் பத்தில்தான் இருப்பார்கள், ‘ஒரு வருஷம் போச்சே’ என்ற வருத்தம் நம் பக்கத்துக் கணக்கு. பதினொன்றில் சேர்ந்தால் அதே வருடம் வசந்தகாலத்தில் மாநிலத்தின் பட்டத் தகுதித் தேர்வு, இதுவரை படிக்காத அமெரிக்க வரலாற்றை இரண்டே வருடத்தில் முடிக்கும் நெருக்கடி, அடுத்த இலையுதிர்காலத்திலேயே கல்லூரி விண்ணப்பம். அப்போது சிபாரிசுக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கு அவனை ஒரு வருடம்தான் தெரிந்திருக்கும். கிரெடிட் தாராளமாகக் கிடைத்து, அவனே விரும்பினால் பதினொன்று கேளுங்கள். இதில் இறுதி முடிவு பள்ளியுடையது.

வீட்டில் பேசும் மொழி என்ன என்று படிவத்தில் கேட்பார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு ஆங்கிலத் தகுதிச் சோதனை வைக்கக்கூடும், அவ்வளவுதான்.

தடுப்பூசி அட்டையில் எம்எம்ஆர், போலியோ, ஹெபடைடிஸ் பி தவிர சின்னம்மை, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), மெனிஞ்சோகாக்கல் (மூளைக்காய்ச்சல்) மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். நம் பிள்ளைகளிடம் இல்லாமல் போவது பெரும்பாலும் இந்த மூன்றுதான். கோவையிலேயே போட்டுவிடலாம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நியூ ஜெர்சி 30 நாள் அவகாசம் தருகிறது, ஆனால் வந்த புதிதில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே அதில் பாதி போய்விடும்.

பாடத் தேர்வு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்திருக்கும், ஏபி எனப்படும் கல்லூரித் தர வகுப்புகளில் இடம் நிரம்பியிருக்கலாம். கோடையில் கவுன்சிலர்கள் எல்லா நாளும் வருவதில்லை. விலாசம் உறுதியான அன்றே மார்க் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து, பள்ளிப் பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.