பெரிய கட்டத்துக்குள் சிறிய கிணறு: கேள்வி பதில்

கேள்வி (கிண்டி, முதுகலை மாணவி): ஐயா, என் எண்ணெய்ப் படுகையின் கணினி மாதிரியில், படுகையைப் பிரித்த ஒவ்வொரு கட்டத்தின் அகலமும் 100 மீட்டர். கிணறு இருக்கும் கட்டத்துக்குக் கணினி தரும் அழுத்தம்தான் கிணற்று அழுத்தமா?

பதில்: இல்லை அம்மா. கிணற்றை நெருங்க நெருங்க அழுத்தம் மடக்கை விதிப்படி சரிகிறது. பெரிய கட்டத்துக்கு அது தெரியாது. சதுரக் கட்டமும் சீரான ஊடுருவுதிறனும் (பாறை திரவத்தை எவ்வளவு எளிதாகப் பாயவிடுகிறது என்ற அளவு) இருந்தால், கட்டத்தின் அழுத்தம் என்பது கிணற்றிலிருந்து கட்ட அகலத்தில் ஏறத்தாழ 0.2 பங்கு தொலைவில் நிலவும் அழுத்தம் என்று 1978இல் டொனால்ட் பீஸ்மன் காட்டினார். உங்களுக்கு அது 20 மீட்டர். அங்கிருந்து கிணற்றுச் சுவர் வரையிலான இறக்கத்தைத் தனியே கழியுங்கள்.

கேள்வி (தரமணி): பீஸ்மன் சூத்திரத்தைப் பயன்படுத்தியும், அதே படுகையைச் சிறு கட்டங்களாகப் பிரித்த நுண்கட்ட மாதிரியைவிட உற்பத்தி கூடுதலாக வருகிறதே?

பதில்: நுண்கட்டங்களின் ஊடுருவுதிறனைப் பெரிய கட்டத்துக்கு எப்படிச் சராசரி எடுத்தீர்கள் என்று பாருங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். வழக்கமான சராசரிகள் கட்டத்தின் எல்லாப் பகுதிக்கும் ஒரே முக்கியத்துவத்தைத் தருகின்றன. கிணற்றருகே ஓட்டம் நாலாபுறமிருந்தும் குவிகிறது. கிணற்றின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், 20 மீட்டர் வரையிலான அழுத்த இறக்கத்தில் பாதி முதல் ஒன்றரை மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும்! அங்கே ஒரு களிமண் திட்டு இருந்தால் உற்பத்தியே விழும். சராசரியில் அது கரைந்து காணாமல் போகும்.

ஆகவே கிணற்றுக் கட்டத்தையும் சுற்றியுள்ள ஒன்றிரண்டு வரிசைகளையும் நுண்கட்ட மாதிரியிலிருந்து வெட்டியெடுத்து, நிலையான ஓட்டத்துக்குத் தீர்வு காணுங்கள். பெரிய கட்டங்களின் எல்லைகளைக் கடக்கும் ஓட்டத்தைக் கூட்டி, சராசரி அழுத்த வேறுபாட்டால் வகுத்தால் கட்டங்களுக்கு இடையிலான கடத்துதிறன் கிடைக்கும். கிணற்றுக் குறியீட்டையும் (கட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை உற்பத்தியோடு இணைக்கும் எண்) அதே தீர்விலிருந்தே எடுங்கள். குறியீட்டை மட்டும் மாற்றி, கடத்துதிறனைப் பழையபடி விடுவது அரைவேலை. டிங் 1995இலும், டர்லாஃப்ஸ்கி குழுவினர் 2000இலும் எழுதிய கட்டுரைகள் இந்த வழியைத்தான் விளக்குகின்றன.

கேள்வி (அடையாறு): கிணற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளும் இதனால் சரியாகுமா?

பதில்: முழுமையாக ஆகாது. இது ஒற்றைத் திரவத்துக்கான திருத்தம். கீழிருந்து நீர் கூம்பாக எழும் கிணறுகளுக்கு, அந்த இடத்தில் மட்டும் கட்டத்தை நுணுக்குவதையே நான் விரும்புவேன்.

கேள்வி (மீஞ்சூர்): நிலத்தடி நீர் மாதிரிக்கும் இது பொருந்துமா? எங்கள் கட்டம் 1 கிலோமீட்டர்.

பதில்: அழுத்திய நீர்த்தாங்கி (மேலேயும் கீழேயும் நீர் புகாத அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தில் இருக்கும் நீர்ப்படுகை) என்றால் அப்படியே பொருந்தும். நாளொன்றுக்கு 1,000 கன மீட்டர் இறைத்து, நீர்த்தாங்கியின் கடத்துதிறன் (இங்கே, அதன் முழுத் தடிமனும் சேர்ந்து நீரைக் கடத்தும் அளவு) நாளுக்கு 500 சதுர மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள கிணற்றின் மட்டம் கட்டத்தின் மட்டத்தைவிடச் சுமார் 2.4 மீட்டர் தாழ்ந்திருக்கும். கடல்நீர் உட்புகுந்த உங்கள் பகுதியில் இது சின்ன விஷயமல்ல. பம்பு ஓடும்போது அளந்த மட்டத்தைக் கட்டத்தின் மட்டத்தோடு நேராக ஒப்பிடாதீர்கள். ஒப்பிட்டால், இரண்டையும் பொருத்துவதற்காகக் கடத்துதிறனைக் குறைப்பீர்கள். பிறகு கடல் பக்கமிருந்து வரும் ஓட்டத்தையும் மாதிரி குறைத்தே காட்டும்.